வரிசையில் அடுத்து நின்றவள்

எனக்கு ஊசி என்றால் பயம். சிரிக்காதீர்கள். குத்திக்கொள்வதற்கு இல்லை, குத்துவதற்கு. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனை தோளில், எத்தனை தொடையில் குத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஊசியை வெளியே எடுத்ததும் அந்த முகத்தைத்தான் பார்ப்பேன். உதட்டைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், மூச்சு எப்படி வருகிறது என்று பார்ப்பேன். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடும்போதும் ஒரு கண் அங்கேயேதான் இருக்கும். இந்தப் பயம் உங்களுக்கு விட்டுப்போகிற அன்றைக்கு வேலையையும் விட்டுவிடுங்கள் என்பேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பது, ஊசியை எந்தச் சாய்வில் பிடிப்பது, இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைச் சொல்லி உங்கள் நேரத்தையும் என் வாயையும் வீணாக்கப் போவதில்லை. நான் சொல்லப் போவது ஒரு கேள்வியைப் பற்றி. வாசலில் கால் வைத்ததும் கேட்பார்கள்: "ஒண்ணும் ஆவாதே?" நாமும் கொஞ்சம்கூட யோசிக்காமல் சொல்வோம்: "ஒண்ணும் ஆகாது, கையை நீட்டு." வேலை ஆரம்பித்த நாளிலிருந்து நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

கொரோனா ஓய்ந்த பிறகு ஓர் ஆடி மாதம். கர்ப்பிணிகளுக்கு என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொஞ்சம் ஃப்ளூ ஊசி வந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கண்ணாடியெல்லாம் மூடி, ஏசி போட்டு, நெருக்கியடித்து உட்கார வைத்துக்கொண்டு போவார்கள். ஒருவன் தும்மினால் போதும். காலையில் பஸ்ஸில் ஏறிய காய்ச்சல் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து இறங்கும். அந்த ஆடியில் அப்படித்தான் ஒரு காய்ச்சல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் ஊசிக்கு உரியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கல்பனா, ஏழாம் மாதம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சில் சத்தம் வரும். இன்னொருத்தி ரேவதி, அதே தெருவில் நாலு வீடு தள்ளி. ஐந்தாம் மாதம். கல்யாணமாகி வெகுநாள் கோயில் கோயிலாகப் போய்த் தரித்த பிள்ளை. ஆனால் ரேவதி நல்ல திடகாத்திரம். களத்தில் நெல் மூட்டைக்கு ஒரு கை கொடுக்கக்கூடியவள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் பயம் பூராவும் கல்பனா பேரில்தான் இருந்தது.

வயிற்றில் பிள்ளை வளர வளர நெஞ்சுக்கூட்டில் இடம் குறையும். அந்த நேரத்தில் ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் நல்ல திடமான பெண்ணே திணறிப் போவாள். இழுப்பு இருக்கிறவள் என்ன ஆவாள்? அதனால் முதல் வேலையாகக் கல்பனா வீட்டுக்குத்தான் போனேன்.

வாசலிலேயே மாமியார் தனபாக்கியம் மறித்தாள்.

"நர்சம்மா, இப்பவே சொல்லிட்டேன். அவளுக்கு ஊசி ஒத்துக்காது. சின்னப் புள்ளயில ஒரு ஊசி போட்டு சாவக் கெடந்தாளாம். நீ இன்னாடான்னா பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கிற."

"எந்த ஊசி?"

"எனக்கு இன்னா தெரியும்? அவங்கம்மா சொல்லிச்சி."

இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தருக்கு ஊசி ஒத்துக்காது. விசாரித்தால் முக்கால்வாசி பயத்தில் மயங்கியதாக இருக்கும், இல்லையென்றால் கை வீங்கியதாக இருக்கும். நாலாம் மாதம் டெட்டனஸ் ஊசியை நானேதான் கல்பனாவுக்குப் போட்டேன். அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. வேறு நாளாக இருந்தால், 'போம்மா அந்தப் பக்கம்' என்று தனபாக்கியத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் அன்றைக்குக் கல்பனா மாமியாருக்குப் பின்னால் நின்றுகொண்டு என் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. அங்கேயே நின்று வாலாஜாபாத்தில் இருக்கிற அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அந்த அம்மா ரைஸ் மில்லில் இருந்தபடி, இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னாள். "காய்ச்சல்னு ஒரு கிளினிக்குக்கு இட்டுக்கினு போனேன்மா. ஊசியப் போட்டுக்கினு வூடுகூட வந்து சேரல. ரோட்டுலயே கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சி. ஒதடு இம்மாம் பெருசு வீங்கிடுச்சி. ஒடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா. மூச்சு வுட முடியாம என் கழுத்தக் கட்டிப் புடிச்சிக்கிச்சி. ஒரு ஆட்டோக்காரன் புண்ணியத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி பொழச்சிது. இன்னா ஊசின்னு இன்னிவரிக்கும் எனக்குத் தெரியாது."

இது பயத்தில் வந்த மயக்கம் இல்லை. கண் மூடி, உதடு வீங்கி, மூச்சு அடைப்பது அசல் ஒவ்வாமை. நாம் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கிறோமே, அது இதற்காகத்தான். எத்தனையோ வருடம் அது வந்துவிடக் கூடாதே என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே வந்துபோன ஒருத்தி இப்போது ஏழு மாத வயிற்றோடு என் முன்னால் நின்றாள்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். 'மறுத்துவிட்டார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். ஊசி போடாமல் விட்டதற்காக எந்த ஊரிலும் செவிலியரை அடிக்க வந்ததில்லை. போட்ட பிறகு ஏதாவது ஆனால்தான் வருவார்கள். நாமும் மனுஷிகள்தானே, நம் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முதலில் தோன்றும். ஆனால் கல்பனாவின் வீட்டுக்காரன் சரவணன் தினமும் அந்தப் பஸ்ஸில் போய் வருகிறவன். போடாமல் விட்டாலும் ஆபத்து அவளுக்குத்தான், போட்டாலும் அவளுக்குத்தான். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் டாக்டர் அப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்திருந்த பெண். என் மகளைவிடச் சின்னவள். அவளிடம் போய்க் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது காய்ச்சலுக்குப் போட்ட மருந்து, இது தடுப்பூசி, ரெண்டும் வேற வேற சிஸ்டர். டெட்டனஸ் ஊசி ஒத்துக்கிட்டிருக்கு. அதனால இதைப் போடவே கூடாதுன்னு இல்லை. ஆனா வீட்டுல வச்சுப் போடாதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க. ஆக்சிஜன் இருக்கு, மருந்து இருக்கு, நான் இருக்கேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா டாக்டர்?"

"இருக்கு. அதான், இங்க வச்சுப் பயப்படலாம்னு சொல்றேன்."

பிறகு சொன்னாள்: "அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டையும் சொல்லிடுங்க. போட்டா என்ன வரலாம், போடலைன்னா என்ன வரலாம். ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "நல்லாச் சொன்னீங்க! ரெண்டையும் சொன்னா இந்தப் பக்கத்துல ஒருத்தி கை நீட்ட மாட்டா. நீங்க நேத்து வந்தவங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வயிறு அவங்களோடது சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் கல்பனா தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு சொன்னேன். என் ஆயுளில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "கை வலிக்கும். ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம். ரொம்ப ரொம்ப அபூர்வமா, அன்னிக்கு ரோட்டுல வந்துச்சே, அது மாதிரியும் வரலாம். வந்தா அதுக்கு மாத்து மருந்து என் கையிலயே இருக்கும், டாக்டரும் பக்கத்துல இருப்பாங்க. போடாம விட்டா எதுவும் வராமலே போனாலும் போவலாம். ஆனா உன் வீட்டுக்காரர் பஸ்ஸுல இருந்து அந்தக் காய்ச்சலை எடுத்துக்கினு வந்தா உன் நெஞ்சு தாங்குமான்னு எனக்குப் பயமா இருக்கு. ஊசி போட்டா காய்ச்சலே வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன். வந்தாலும் நெஞ்சுல இறங்கறது குறையும்."

கல்பனா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு மூச்சு நின்னது எனக்கு இன்னும் ஞாபகம் கீதுக்கா" என்றாள். "தலையப் புடிச்சித் தண்ணிக்குள்ள அமுக்கின மாரி இருந்துச்சி. அது ஊசில வந்தாலும் வரும், காய்ச்சல்ல வந்தாலும் வரும். எப்படியும் வர்றதுன்னா டாக்டரு பக்கத்துல இருக்கசொல்ல வரட்டும்."

நான் ராத்திரியெல்லாம் புரண்டு யோசித்துக் கண்டுபிடிக்க முடியாததை அவள் கீரை ஆய்கிற நேரத்தில் முடிவு செய்துவிட்டாள்.

தனபாக்கியம்தான் அடுத்த முட்டுக்கட்டை. அவள் ஊசிக்கு மட்டும் தடை சொல்லவில்லை. ஊரில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் கூழ் ஊற்றித் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும்.

"பொழுதோட இட்டாந்து வுட்டுடுவேன்னு சத்தியம் பண்ணு, அனுப்பறேன்" என்றாள்.

"பண்ண மாட்டேன். ஒடம்புக்கு ஏதாவதுன்னா அங்கதான் வச்சிக்குவேன்."

"இன்னா நர்சம்மா, இப்பிடிப் பட்டுனு சொல்ற?"

"பொய்யா சொல்லச் சொல்ற?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "நானும் வர்றேன். நட" என்றாள். நாங்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு ரேவதியும் ஓடி வந்தாள். "என்னையும் இட்டுக்கினு போங்கக்கா. ரெண்டு பேரா போட்டுக்கினா பயம் இல்ல."

சுகாதார நிலையத்தில் கல்பனாவுக்கு முதலில் போட்டேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்காமல் பக்கத்திலேயே நின்றாள். ரேவதி எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் போட்டு வுடுக்கா, கூழுக்குக் கேவுரு அரைக்கணும்" என்று சிரித்தாள். நான் அவளுக்கு மருந்தை எடுக்கத் திரும்பினேன்.

"அக்கா, கண்ணு இருட்டிக்கினு வருது" என்று கல்பனாவின் குரல் கேட்டது. நான் திரும்புவதற்குள் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள்.

"ஐயோ, அப்பவே சொன்னனே! என் குடியக் கெடுத்துட்டியேடி பாவி!" என்று தனபாக்கியம் அலறினாள். அங்கே இருந்த பெண்கள் ஓடி வந்து கல்பனாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் தண்ணீர் ஊற்ற வந்தாள். நம் ஊரில் விழுந்தவரைப் பார்த்தால் எல்லோருக்கும் தூக்கி நிறுத்தத்தான் தோன்றும். மயங்கினவருக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. "தூக்காதீங்க! கீழ படுக்க வைங்க! தண்ணி ஊத்தினா கையை ஒடிப்பேன்!" என்று நான் கத்திய கத்தலில் எல்லோரும் விலகினார்கள்.

ஒரு கையில் மாற்று மருந்து நிரப்பிய ஊசி. இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. ஒவ்வாமையில் அப்படித்தான் ஓடும். முடிந்தது, வந்தேவிட்டது என்று நினைத்தேன். "டாக்டர், நாடி பறக்குது, போட்டுடட்டுமா?" என்றேன். கையிலிருந்த ஊசி அவள் தொடைக்குக் கிட்டப் போய்விட்டது.

டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "சிஸ்டர், கட்டைவிரலை எடுங்க. அது உங்க நாடி" என்றாள்.

பதற்றத்தில் கட்டைவிரலால் பிடித்திருந்தேன். கட்டைவிரலில் நமக்கே நாடி உண்டு. ஓடிக்கொண்டிருந்தது என் பயம். பயிற்சிக்கு வந்த முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம்தான் இது. ஆனால் பயம் வந்தால் கை முதல் வாரத்துக்குப் போய்விடும். விரலை மாற்றி வைத்தேன். கல்பனாவின் நாடி மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. உதடு வீங்கவில்லை. கையில், கழுத்தில் தடிப்பு இல்லை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டாள், இழுப்புச் சத்தம் இல்லை. முகம் மட்டும் வெளுத்து, குளிர்ந்து வேர்த்திருந்தது. வெறும் மயக்கம்தான். காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல், பழைய பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"புள்ள?" என்றாள்.

டாக்டர் வயிற்றில் கருவியை வைத்தாள். பிள்ளையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. நான் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்து திரும்பினேன். ஸ்டூல் காலியாக இருந்தது. ரேவதி எப்போதோ ஆட்டோ ஏறிவிட்டாள் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் வரை கல்பனாவை வைத்துப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது தனபாக்கியம் கேட்டாள்.

"நீயும் பயந்துட்ட இல்ல?"

"ஆமா. உசுரே போயிடுச்சி."

"அப்ப சரி" என்றாள்.

மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. ஊசி போட்டதும் கல்பனா செத்துப் பிழைத்தாளாம், வாயில் நுரை தள்ளியதாம். நான் நேராக ரேவதி வீட்டுக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் அவள் மறுக்கவே இல்லை. "போட்டுக்கறேன்கா. கூழு ஊத்தி முடியட்டும்" என்று டீ போட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரன் வேலுவும், "நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர், நானே இட்டாந்து வுடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். கல்பனாவிடம் சொன்ன எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். நடந்தது என்ன என்பதையும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். திரும்பப் போனேன், "ஆடி போவட்டும்கா" என்றாள். இன்னொரு தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்கிறவளிடம் ஒரு காரணம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம், சண்டை போடலாம், அவள் அம்மாவுக்குப் போன் போடலாம். அப்புறம் என்கிறவளிடம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவர வேண்டியதுதான். உங்களை வாசலில் நிறுத்தித் திட்டுகிற வீட்டைவிட, உட்கார வைத்து டீ கொடுக்கிற வீட்டுக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

கல்பனாவுக்கு ஊசி போட்ட அந்த வாரமே சரவணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போட்ட ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் பஸ்ஸிலிருந்து காய்ச்சல் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு பேரையும் பிரித்து வைக்க வேண்டும். கல்பனாவை வாலாஜாபாத்துக்கு அனுப்பலாம் என்றால் காப்பு. சரவணனை ஏனாத்தூரில் அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்றாலும் காப்பு. இருப்பதோ ஒரே அறை வீடு.

தனபாக்கியம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நம்ம பம்புசெட்டுக் கொட்டாய் ஊரு எல்லைக்குள்ளதானே கீது? அங்க போயிப் படுத்துக்கடா."

"அங்க பாம்பு கீதும்மா" என்றான் சரவணன், இருமிக்கொண்டே.

"பாம்பு கடிச்சா ஒரு உசுரோட போவும். நீ இருமினா ரெண்டு உசுரு. போடா."

போனான். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்தான். தனபாக்கியம் கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டுத் தூர நின்று கத்திவிட்டு வருவாள். நான் தினமும் காலையில் கல்பனா வீட்டு வாசலில் போய் நிற்பேன். கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே மூச்சுச் சத்தம் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். ஒரு நாள் அவளுக்கும் காய்ச்சல் அடித்தது. அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய் மாத்திரை ஆரம்பித்தோம். இழுப்புக் கொஞ்சம் ஏறியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். அவளைக் காப்பாற்றியது ஊசியா, மாத்திரையா, பம்புசெட்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் சொல்லவும் மாட்டேன். ஊசி போட்டு விழுந்தவளை ஊரே பார்த்தது. ஊசியால் பிழைத்தவள் என்று ஒருத்தியை ஊருக்குக் காட்ட என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

நான் கல்பனா வீட்டு வாசலில் காது கொடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் ரேவதிக்குச் சளி பிடித்திருக்கிறது. அதே கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற வேலு கொண்டுவந்ததுதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கூழுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறாள், கோயிலில் நின்றிருக்கிறாள். திடமான உடம்பு, தாங்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. 108-க்குச் சொல்லி, வண்டியில் நானே கூட ஏறிக்கொண்டேன். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னவோ சொன்னாள். காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அக்கா... புள்ள... ஆடல."

பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் தொண்டையில் குழாயோடு கிடந்தாள். அவர்கள் அவளை மீட்டுக் கொடுத்தார்கள். பிள்ளையை மீட்க முடியவில்லை. காப்பு அவிழ்த்து, ஆடி போய், ஆவணியும் போன பிறகுதான் ஊர் எல்லைக்குள் வந்தாள். பாதி உடம்பாக இருந்தாள். அந்தத் தெரு வழியாகப் போகும்போது என்னால் அவள் வாசலைப் பார்க்க முடியாது. ஆனாலும் போவேன். போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

கல்பனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு புதன்கிழமை வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ரேவதி. குழந்தைக்குப் போட்டு, அது வீறிட்டு அழுது, கல்பனா அதைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்துவிட்டது. ரேவதி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"அன்னிக்கு நானும் போட்டுக்கினு இருந்தா எனக்கும் மயக்கம் வந்திருக்குமா?"

வராது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் கல்பனா உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"வந்தா இன்னாக்கா" என்றாள். "எழுந்திருச்சிருப்பேனே."